அம்மா, கப்பல், ரெண்டு கூஜா தண்ணீர்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என் தொல்லை இல்லாமல் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். ஊரில் இல்லை. கப்பலில் போயிருந்தேன் — அம்மாவோடு. மெட்ராஸிலிருந்து அந்தமான். போக மூன்று நாள், வர மூன்று நாள்.

வைகைக் கரை விளாங்குடிக்காரனுக்குக் கப்பல் எதற்கு? என் ஆபீஸிலும் இதையேதான் கேட்டார்கள். மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. சில வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்க டிக்கெட் செலவை சர்க்காரே கொடுத்துவிடும். எல்லாரும் டெல்லி, ஆக்ரா என்று கிளம்புவார்கள். நான் அம்மாவிடம், "காசிக்குப் போவமா?" என்று கேட்டேன்.

"காசி எங்கய்யா ஓடிப்போகுது? கப்பல்ல போகணும்."

"கப்பல்ல எங்க?"

"எங்கயாச்சும் போகட்டும். கப்பல்ல போகணும், அம்புட்டுத்தான்."

எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் வீட்டு ரேடியோவில் சாயங்கால வானிலை அறிக்கையின்போது யாரும் மூச்சு விடக் கூடாது. மீனவர்களுக்கான எச்சரிக்கையை அம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். பிறகு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்களிடம், "இன்னைக்கு அலை ஜாஸ்தியாம், கடலுக்குப் போகக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டுச் சோறு போடுவாள். வைகையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே பாலத்தில் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் எங்களுடையது. எங்களுக்கு எதற்கு இந்த எச்சரிக்கை? கேட்டதில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளாக ஒருத்தி கடலைக் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் புரிந்தது.

ஒரே ஒரு சிக்கல். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள். தடியை ஊன்றிப் பத்து எட்டு நடப்பாள். அப்புறம் உட்கார வேண்டும். குத்துக்காலிட முடியாது. பாத்ரூமுக்கு என்று ஆசாரியிடம் சொல்லி ஒரு மர நாற்காலி செய்து போட்டிருக்கிறோம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் கதவுப் பக்கம் யாரும் வரக் கூடாது — என் மனைவி செல்வி உட்பட.

செல்வி மிஷன் ஸ்கூலில் டீச்சர். அவளுக்கும் அம்மாவுக்கும் சண்டை கிடையாது. அதைவிடக் கஷ்டமான ஒன்று இருந்தது — மரியாதை. பன்னிரண்டு வருஷமாக ஒருத்தருக்கொருத்தர் சிரமம் கொடுக்காமல் ஒரே வீட்டில் இருந்தார்கள். கப்பல் கிளம்புவது முழுப் பரீட்சை சமயம். ஆகவே நானும் அம்மாவும் மட்டும் போவது என்று முடிவு செய்தேன். 'முடிவு செய்தேன்' என்பதைக் கொஞ்சம் கவனித்து வையுங்கள்.

திட்டம் போடுவதில் நான் புலி. 'அம்மா — கப்பல்' என்று ஒரு ஃபைல் திறந்தேன். கப்பல் கம்பெனிக்கு நாலு கடிதம். கீழ் பெர்த் வேண்டும். கேபின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கக்கூஸ் நாற்காலி மாதிரி உட்காருகிற வகைதானா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? உண்டு என்று பதில் வந்தது. அந்த வரிக்கு எதிரே டிக் அடித்தேன். அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தமான் போய்வந்த ஆபீஸ் நண்பர் ஒருவர், "கப்பல்ல ஒவ்வொரு கதவுலயும் நிலைப்படி முக்கால் அடி உசரம் இருக்கும்ணே, காலைத் தூக்கி வச்சுத்தான் தாண்டணும்" என்று சொல்லித் தொலைத்தார். மறுநாளே வீட்டில் எல்லா வாசலிலும் செங்கல் அடுக்கினேன். பின்கட்டில் ரெண்டு பலகையைச் சாய்த்துப் போட்டு, குறுக்கே சட்டம் அடித்து, ஜன்னல் கம்பியிலிருந்து கயிறு கட்டினேன். கப்பலேறும் பாலம்! தினமும் காலையில் ஆபீஸ் போகும் முன் ஒத்திகை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார்கள்.

அம்மா சொன்னதையெல்லாம் செய்தாள். செங்கல்லைத் தாண்டினாள். கயிற்றைப் பிடித்துப் பலகை ஏறினாள். செங்கல்லில் இடித்துக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டது நானும் செல்வியும்தான்.

கொண்டுபோகிற சாமான் பட்டியலை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "குடிக்கிற தண்ணி, ரெண்டு கூஜா..."

"எதுக்குய்யா ரெண்டு? அரைக் கூஜா போதும்."

எவ்வளவு சிக்கனமான அம்மா என்று பெருமைப்பட்டு, ஒரு கூஜாவை அடித்துவிட்டேன். இப்படியும் ஒரு மடையன் இருப்பானா?

கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பங்குனி வெயில் காலை ஏழு மணிக்கே முதுகைச் சுட்டது. பலகையின் பாதியில் அம்மா நின்றாள். "தல சுத்துதுய்யா" என்றாள். அப்படியே கயிற்றை விட்டுவிட்டு என் மேல் சாய்ந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரை அவள் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆட்டோ பிடித்து ஆரப்பாளையத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா என்னை வெளியே நிற்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார்.

"உங்கம்மா ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி குடிக்கிறாங்க, தெரியுமா?"

தெரியாது.

"ரெண்டு டம்ளர். இருபது நாளாப் பழகிக்கிட்டிருக்காங்களாம். நீர்க்கடுப்பு வந்து, ஜுரமும் இருக்கு. அதையும் வீட்ல சொல்லல."

"எதுக்கு டாக்டர்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கப்பல் ஆடுமாம்ல? அவங்களால தனியாப் போயிட்டு வர முடியாது. மூணு நாளும் கூட இருக்கப்போறது நீங்க மட்டும். ஆம்பளைப் பிள்ளைய எப்படிக் கூப்பிடுறதுன்னு தண்ணியக் குறைச்சிருக்காங்க. நீங்க படி ஏறப் பழக்குனீங்க. அவங்க தாகத்தைப் பழகிட்டாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, மத்தியானம் வீட்டுக்கு வந்தோம்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல? கப்பல்ல கூட வர்றவன் நான்தானே?"

"அதனாலதான்யா சொல்லல."

நான் விடவில்லை. பேசத் தெரிந்தவன் இல்லையா? "சின்ன வயசுல எனக்கு நீ எல்லாம் செஞ்சியே, இப்ப உனக்கு நான் செஞ்சா என்ன?" என்றேன். சொன்னதும் எனக்கே கண் கலங்கியது. அம்மாவுக்குக் கலங்கவில்லை.

"நீ அப்பக் கைப்பிள்ள. ஒனக்கு வெக்கம் தெரியாது. நான் இப்பக் கைப்பிள்ளயா?"



கப்பலும் வேண்டாம், கடலும் வேண்டாம் என்று தோன்றியது. ஆளைக் கொன்றுவிட்டு என்ன உல்லாசப் பயணம்? "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுறேம்மா. உடம்புதான் முக்கியம்" என்றேன். "சரிய்யா" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் கேன்சல் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது செல்வி என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: "என்னங்க... அத்தை இன்னைக்கு ரேடியோ போடல."

வீட்டில் சத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

செல்வி கேட்டாள்: "நான் வர முடியுமான்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உனக்குப் பரீட்சை..."

"பரீட்சை எனக்கில்ல, பிள்ளைங்களுக்கு."

விஷயத்தைச் சொன்னேன், அம்மா தண்ணீரைக் குறைத்த விஷயத்தை. பதறுவாள் என்று நினைத்தேன். பதறவில்லை. "நான் மட்டும் என்னவாம்? காலையில விளாங்குடியில பஸ் ஏறினா சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணி குடிப்பேன். ஸ்டாஃப் ரூம்ல முக்காவாசிப் பேர் அப்படித்தான்" என்றாள். ஏதோ பூ வைத்துக்கொள்கிற விஷயம் மாதிரி சொன்னாள்.

எனக்கு வயது முப்பத்தொன்பது. சின்ன வயதில் ஆரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது, "வண்டி பத்து நிமிசம் நிக்கும்" என்று கண்டக்டர் கத்தியதும் நாங்கள் எல்லாரும் குதித்து இறங்கிக் கோலி சோடாவுக்கு ஓடுவோம். அம்மா மட்டும் இறங்க மாட்டாள். "பையைப் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க. எனக்குத் தாகமில்ல" என்பாள். எத்தனை வருஷம், எத்தனை பஸ்! அம்மாவுக்குத் தாகமே எடுக்காது என்று நம்பித்தான் வளர்ந்திருக்கிறேன். ஆண் வாசகர்களே, நீங்களும் இன்றைக்கு வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெண் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை நேரம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

செல்வி எழுந்து அம்மாவின் அறைக்குப் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டேன். வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

"அத்தை, நானும் கப்பலுக்கு வாரேன்."

"ஒனக்கு ஸ்கூலு இருக்குல்ல தாயி."

"சிஸ்டர்கிட்ட கேக்குறேன். ஆனா அத்தை... கப்பல்ல தனியா பாத்ரூம் போறதுன்னா எனக்குப் பயம். ஆட்டத்துல விழுந்திட்டா? நீங்கதான் என்கூட வரணும்."

அப்புறம் அம்மாவின் குரல். "பொய் சொல்றதக் கொஞ்சம் நல்லாச் சொல்லு தாயி. டீச்சராம், டீச்சரு."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த அறையிலிருந்து இரண்டு குரல் சேர்ந்து சிரித்து நான் கேட்டதில்லை. நான் சத்தம் போடாமல் திரும்பிப் போய்க் கேன்சல் கடிதத்தைக் கிழித்தேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கண்டிப்பானவர். கோபிப்பார் என்று செல்வி பயந்துகொண்டே போனாள். "மாமியாரோட கப்பல்ல போறியா?" என்று ரெண்டு தடவை கேட்டாராம். பிறகு ஒரு நிபந்தனையோடு லீவு கொடுத்தார் — எட்டாங்கிளாஸ் விடைத்தாள் கட்டு ரெண்டையும் கப்பலிலேயே திருத்தி முடிக்க வேண்டும். ஒரு தாள்கூடக் கடலுக்குப் போகக் கூடாது. அம்மாவின் ஜுரம் நாலாம் நாள் இறங்கியது. தண்ணீருக்கு செல்வி பொறுப்பு. டாக்டரம்மா மறுபடி பார்த்துவிட்டு, தாராளமாகப் போய்வரலாம் என்றார்.

கேபினில் மூன்றாவது இடம் கிடைக்கவில்லை. அதனால் என் பெர்த்தை செல்விக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குக் கப்பலின் வயிற்றில், நூற்றுக்கணக்கானவர்களோடு ஒரு படுக்கை. மெட்ராஸ் துறைமுகத்தில் பார்த்தால், நான் பலகை அடித்துப் பழக்கின பாலத்துக்கும் நிஜத்துக்கும் சம்பந்தமே இல்லை. செங்குத்தான படிக்கட்டு! அம்மா ஒரு பக்கம் கம்பியைப் பிடித்தாள், மறுபக்கம் செல்வியின் தோளைப் பிடித்தாள். ரெண்டு படிக்கு ஒரு தடவை நின்றாள். பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள். விடைத்தாள் கட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் அவர்களுக்குப் பின்னால் ஏறினேன். மேலே போனதும் அம்மா முதல் கதவின் நிலைப்படியை அநாயாசமாகத் தாண்டினாள். செங்கல்லாவது வீண் போகவில்லை.

மறுநாள் காலை. மேல்தளத்தில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்திருந்தோம். சுற்றிலும் கரை இல்லை. அம்மா கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் செல்வி சிவப்புப் பேனாவால் யாரோ ஒரு பிள்ளையின் பூகோளத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். டீ வந்தது. அம்மா குடித்தாள். இன்னொன்று கேட்டாள், அதையும் குடித்தாள். வீட்டுக்கு வெளியே அம்மா இப்படிக் கேட்டுக் குடித்து என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. மூன்றாவது டம்ளருக்குக் கையை நீட்டியபோது, பழக்கதோஷம், என் வாய் சும்மா இருக்கவில்லை.

"போதும்மா, கப்பல் ஆடுது... அப்புறம் சிரமம்."

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அத நானும் செல்வியும் பாத்துக்கிறோம். நீ போய்க் கடலப் பாருய்யா."

போய்ப் பார்த்தேன். ஃபைல் போட்டுத் திட்டம் தீட்டியவனுக்கு அந்தக் கப்பலில் வேறு ஒரு வேலையும் மிச்சமில்லை... அவ்வளவு நிம்மதியாக என்னை யாரும் எங்கேயும் விரட்டியதில்லை.