இசபெல்லா கழுவிய பாட்டில்கள்

மல்லசமுத்திரத்துப் பக்கம் ஓடும் ஓடையில் வாரம் தவறாமல் தண்ணீர் பிடித்து, சேலத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதுதான் உபகாரசாமியின் உத்தியோகம். இந்த உத்தியோகத்துக்கு ஊரில் கிடைத்த மரியாதையைக் கேட்க வேண்டாம். “ஓடத் தண்ணிய அடச்சு சர்க்காருக்கு விக்கறாரு” என்று டீக்கடையில் சிரிப்பார்கள். மனுஷன் எதற்கும் அசைய மாட்டார். கார்க் மூடி போட்ட பாட்டில்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். 1953 முதல் அதே இரண்டு இடங்கள்: மேலே பாறைப் பள்ளம், கீழே காளியப்பன் தோட்டத்து வளைவு.

பாட்டிலை ஓடைத் தண்ணீரிலேயே மூன்று தரம் அலசிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தின் உத்தரவு. கல்யாணம் ஆகும்வரை அவரும் அப்படித்தான் செய்தார்.

ஜேடர்பாளையத்திலிருந்து இசபெல்லா வந்தாள். பாத்திரம் பளபளக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை படிந்த பாட்டில்களைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

“ஏனுங்க, சர்க்காருக்கு அனுப்பற சாமானா இது? பாக்கறவிய என்னையத்தான் ஏசுவாங்க.”

பித்தளைக் குடத்துக்குச் செய்வதுபோலவே புளியைக் கரைத்து ஊற்றி, ராத்திரி ஊறவைத்து, குச்சியில் துணி சுற்றித் தேய்த்தாள். வீட்டுக்குத் தண்ணீர் தூரத்திலிருந்து வர வேண்டும். அதனால் பேருக்கு ஒரு கொப்பளிப்பு, அவ்வளவுதான். பாட்டில்கள் கண்ணைப் பறித்தன.

அன்றோடு உபகாரசாமி ஓடையில் அலசுவதை விட்டார். சோம்பல் என்று சொன்னால் பாவம். அவள் கழுவிய தட்டை ஒரு நாள் துண்டால் துடைத்ததற்கே இரண்டு வேளை வீட்டில் பேச்சுமூச்சு இல்லை. கைவலிக்கத் தேய்த்துத் தந்ததை மறுபடி அலசினால் என்ன ஆகும்? அவள் பக்கத்தில் இல்லாதபோதும் அலச அவருக்குக் கை வரவில்லை.

அடுத்த வருஷம் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு ஜவ்வரிசி ஆலை வந்தது. மரவள்ளிக்கிழங்கு மாவு ஊறிய புளித்த நீரை ஓடையில் திறந்துவிட்டார்கள். காளியப்பனின் மாடுகள் ஓடையில் வாய் வைக்கவில்லை. நாற்று கருகியது. அவர் மனுப் போட்டார். ஆலைக்காரருக்குச் சொல்ல ஒரு பதில் தயாராக இருந்தது: “மேலே எடுத்த தண்ணியும் புளிப்புத்தானே? நான் வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தானே இருக்குது?”

ஆய்வுக்கூடத்துக் கணக்கும் அதையே சொன்னது. அதிகாரி நேரில் பார்க்க வந்தார். நல்ல மனிதர், காளியப்பனையும் கூட்டிக்கொண்டு உபகாரசாமியின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“இன்னைக்கும் மேலே புளிப்புன்னா, ஆலை மேல தப்பில்லேன்னு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல.”

காளியப்பனின் முகம் செத்துவிட்டது. உபகாரசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாறைப் பள்ளத்துத் தண்ணீரை வாராவாரம் கையில் அள்ளிக் குடிப்பவர் அவர். கற்கண்டு மாதிரி இருக்கும்.

அந்த நேரம் பார்த்து இசபெல்லா கழுவிய பாட்டில்களைப் பெருமையோடு கொண்டுவந்து நீட்டினாள். ஒன்றின் கழுத்தில் புளி நார் ஒட்டியிருந்தது. மேலே புளித்தது ஓடை அல்ல, பாட்டில் என்று உபகாரசாமிக்குப் பட்டது. கட்டைவிரலால் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வேலையும் நிலைக்கும், அவள் மானமும் நிலைக்கும். விரலைக் கொண்டுபோனவர் காளியப்பனைப் பார்த்தார். விரல் அங்கேயே நின்றது.

“தப்பு என்னுதுங்க. அலசாமப் புடிச்சுட்டேன்.”

“ஏன்யா? அதானே முதல் விதி?”

உபகாரசாமி மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “அவ தேச்சுக் குடுத்தத மறுக்கா கழுவ மனசு வரலீங்க.”

இசபெல்லாவுக்கு அப்போதுதான் புரிந்தது. “மாதாவே! புளி போட்டது நானுங்க. அவரைய ஏசாதீங்க” என்று முன்னால் வந்து நின்றாள்.

அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த கணக்கெல்லாம் வீண். கோபத்தில் நாலு வார்த்தை சொல்லவும் செய்தார், சொல்ல வேண்டியதுதானே. பிறகு எல்லோருமாக ஓடைக்கு நடந்தார்கள். மூன்று தரம் அலசி, நிரப்பி, அங்கேயே புளிப்பைக் காட்டும் மருந்தைச் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். மேலே நல்ல தண்ணீர், கீழேதான் புளிப்பு.

ஆலைக்குக் குழி வெட்டிக் கழிவைத் தேக்க உத்தரவு வந்தது. உபகாரசாமியின் வேலை தப்பியது. ஓடை தேற மட்டும் வருஷங்கள் ஆயின.

மாடுகள் மறுபடி அதில் தண்ணீர் குடித்த கோடையில், காளியப்பன் ஒரு பித்தளைச் செம்பு நிறையப் பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். செம்பை அப்படியே திருப்பித் தருவாளா இசபெல்லா? புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கினாள். அதை வாங்கிய உபகாரசாமி வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றார்.

“என்ன பாக்கறீங்க? அலசுங்க” என்றாள் அவள். குடத்தைச் சாய்த்து அவளே தண்ணீர் ஊற்றினாள், மூன்று தரமும்.