ஒரு முகத்துக்கு இரண்டு வீடு

கல்முனையில் கிடுகு வேய்ந்த கொட்டிலில் ஸ்டூடியோ போட்டவன் நான். அந்தக் கொட்டிலைக் கல்லால் கட்டி ஓடு போட்டவனும் நான்தான். கரண்ட் ஒழுங்காக வராத காலத்தில் கூரையில் ஓர் ஓட்டை வைத்து, வெயிலை வெள்ளைச் சீலையால் வடிகட்டி உள்ளே இறக்கி, அந்த வெளிச்சத்தில் எத்தனையோ மாப்பிள்ளைமாரை உட்கார வைத்துப் படம் பிடித்திருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கும் என்லாஜர் வாங்க வழியில்லாதபோது பழைய கமரா ஒன்றின் கண்ணாடியையும் பால்மாத் தகரப் பேணியையும் சேர்த்து நானே ஒன்று செய்தேன். அது பன்னிரண்டு வருடம் உழைத்தது. எங்கள் பக்கத்தில் கலர் பிலிம் போட்ட கமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு கலியாண வீடுகளுக்குள் முதலில் போனவர்களில் நானும் ஒருவன். முதல் ஆள் நான்தான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், நான் மறுப்பதில்லை. இரண்டு பெண்மக்களுக்கும் ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்தேன். கடைசியாக, தொண்ணூறுகள் முடியப்போகும் நேரத்தில், கடையில் கிடந்த நெகட்டிவ்களையெல்லாம் கொம்பியூட்டருக்குள் ஏற்றி, யார் வந்து எந்தப் படத்தைக் கேட்டாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் எடுத்துக் கொடுக்கும் ஒழுங்கை உண்டாக்கினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்த வேலைகள் இவை.

இந்தக் கடைசிச் சாதனையை நான் சொல்லத் தொடங்கினால், வீட்டில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அவர் என் மூத்த மருமகன். அதில் அவருக்கும் பங்கு உண்டு. அதை மறைத்தால் அல்லாஹ் பொறுக்கமாட்டான். ஆகவே அவருக்குச் சேரவேண்டிய நன்றியை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

அவர் அட்டாளைச்சேனைக்காரர். கொழும்பில் கொம்பியூட்டர் படித்தவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் எங்கும் போவதில்லை. ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். இவர் வந்தபோது பெட்டியோடு ஒரு கொம்பியூட்டரும் வந்தது. வந்த ஒரு மாதத்தில் என் கடை அலுமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடினார். அந்த மூடலில் இருந்த மரியாதையை நான் இன்றும் நினைத்துக்கொள்வேன். வேறொருவனாக இருந்தால் சிரித்திருப்பான்.

மூன்று அலுமாரி, இழுத்துத் திறக்கும் இருபத்தேழு லாச்சி, எல்லாம் நெகட்டிவ். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கவர். கவரின் மேல் என் கோணல் எழுத்தில் பென்சிலால் 'வட்டானை வீடு, மூத்தவன்' என்றோ 'தையல்காரர் வீடு, கலியாணம்' என்றோ இருக்கும். இலக்கம் இல்லை, திகதி இல்லை. எனக்குத் தேவைப்படவும் இல்லை. ஆளைப் பார்த்தால் என் கை தானாக அந்த லாச்சிக்குப் போகும். ஆனால் அப்போது எனக்கு வயது அறுபதைத் தொட்டிருந்தது. கை சில நாட்களில் வேறு லாச்சிக்குப் போகத் தொடங்கியிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. மருமகன் அதைக் கண்டுகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மூடியில் லைற் வைத்த ஸ்கேனர் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். அதோடு வந்த சீடியில் ஒரு புரோகிராம் இருந்தது. அது படங்களை முத்திரை அளவில் வரிசையாகத் திரையில் அடுக்கிக் காட்டும். ஒவ்வொரு முத்திரைக்கும் கீழே நாம் விரும்பியதை எழுதலாம். எழுதிய சொல்லை மீண்டும் அடித்தால் அந்தச் சொல் உள்ள படங்கள் மட்டும் முன்னால் வந்து நிற்கும். இதற்கு அவர் ஒரு முறை வைத்தார். முதலில் மெல்லிய தூரிகையால் நெகட்டிவில் தூசி துடைப்பது. பிறகு ஸ்கேன். பிறகு இலக்கம் போட்டு, அதே இலக்கத்தைக் கவரிலும் எழுதுவது. கடைசியில் விபரம் எழுதுவது. ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்றார். என் கடையிலேயே எனக்குச் சட்டம் போட்டார், நானும் கட்டுப்பட்டேன். ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் ஒரு கிழமையாகச் செய்த வேலை அழிந்தது. அன்றிலிருந்து பின்னேரம் கடை பூட்டுமுன் அன்றைய வேலையை வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து, அதை என் மனைவியின் சீலைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். இப்படியான யோசனைகள் படித்தவனுக்குத்தான் வரும். நன்றியோடு சொல்கிறேன்.

பிழை நடந்தது விபரம் எழுதிய இடத்தில். அவர் வைத்த தலைப்புகள் மூன்று: பெயர், வாப்பாவின் பெயர், திகதி. மூன்றையும் நான் நினைவிலிருந்து சொல்ல, அவர் அடித்தார். வீட்டை எழுதவும் ஓர் இடம் வைக்கும்படி நான் தொடக்கத்திலேயே சொன்னேன். விலாசம் மாறிக்கொண்டே இருக்கும், பெயர்தான் மாறாது என்றார். படித்த மனிதர் சொல்கிறார் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிய தடவைகள் குறைவு. மூடிய இடமெல்லாம் பிழைத்திருக்கிறது.

மூன்று மாத வேலை முடிந்திருந்தது, ஆளின் பெயர் எனக்கு நினைவு வராத சில கவர்களை மட்டும் தொடாமல் லாச்சியிலேயே விட்டிருந்தோம். ஒரு முற்பகலில் மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் தடித்த அட்டை போல ஒன்று. வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அல்பம் ஊறி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டனவாம். பிரித்துப் பார்த்ததில் நிறம் மட்டும் மிஞ்சியிருந்தது, முகங்கள் இல்லை. அவற்றுக்குள் ஒரு சின்ன பாஸ்போட் படமும் இருந்தது. அதன் முகமும் போய்விட்டது. ஆனால் முதுகில் என் கடையின் சீல் தெளிவாக இருந்தது. அவளுடைய புருசனின் படம்.

அவர் சவூதிக்குப் போய் அங்கேயே மவுத்தானவர். அங்கேயே அடக்கம். பாஸ்போட்டும் திரும்பி வரவில்லை. கலியாணத்துக்குப் படம் பிடித்தவர் வெளியூர்க்காரர், இப்போது எங்கே என்று தெரியாது. புருசன் போனபோது வயிற்றில் இருந்த மகளுக்கு இப்போது எட்டு வயது. வாப்பாவின் முகத்தைக் கேட்கிறாளாம்.

அவளை இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைக்குக் காட்டத்தானே, கட்டாயம் தேடித் தருவோம் என்று ஆறுதலாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கொண்டு, "பிள்ளைக்கு மட்டுமில்ல காக்கா. நாங்க நாப்பது நாள்தான் ஒண்டா இருந்தம். எனக்கே அவர்ர முகம் மறந்துக்கிட்டு வருது," என்றாள்.

மருமகன் பெயரை அடித்தார். எங்கள் ஊர்களில் ஒரே பெயரை எத்தனை பேருக்கு வைப்போம் என்று உங்களுக்குத் தெரியும். திரையில் முப்பதுக்கு மேல் முகங்கள் வந்து நின்றன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் வந்ததை நான் கண்டேன்: இதற்குள் இருந்தும் தனக்கு அடையாளம் தெரியாமல் போகிறதோ என்ற பயம். வாப்பாவின் பெயரையும் சேர்த்து அடித்தார். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கிழவர். மற்றவர் முதல்நாள்தான் என் கடையில் வந்து படம் எடுத்துப்போன வியாபாரி. அவளுடைய மாவடிப்பள்ளி வீட்டுக் கவரை நான் லாச்சியில் தேடினேன். அதற்குள் அவள் வாப்பாவும் கூடப்பிறந்த காக்காமாரும் இருந்தார்கள், புருசன் இல்லை.

"இல்லப் போல மாமா," என்று மருமகன் மெல்லச் சொன்னார்.

சீல் பொய் சொல்லாது. படம் என் கடைக்குள்தான் எங்கேயோ இருக்கிறது. நான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பாஸ்போட்டை எடுத்துவிட்டுக் கலியாணம் முடித்தாரா, முடித்துவிட்டு எடுத்தாரா?

"பாஸ்போட் கையில வந்த பொறகுதான் கலியாணப் பேச்சுக்கால் நடந்தது."

அப்படியென்றால் படம் எடுக்கும்போது அவர் அவள் வீட்டுக்காரர் அல்ல. தாய் வீட்டில் இருந்த இளந்தாரி. உம்மாவின் வீடு எங்கே என்று கேட்டேன். கல்முனையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில், உம்மா மவுத்து, வீட்டில் இப்போது அவர்கூடப் பிறந்த மூத்த ராத்தா இருக்கிறா, ஐஸ் வாடிக்காரர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள் என்றாள். ஐஸ் வாடிக்காரர் வீட்டுக் கவரை எடுத்தேன். அதற்குள்ளும் இல்லை.

அடுத்து நடந்ததை நான் செய்ததாகப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுத்தில் வருவதால் உள்ளதைச் சொல்கிறேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. தேத்தண்ணி கொண்டு வந்த என் மனைவி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஐஸ் வாடிக்காரன் ராத்தாவ முடிச்சு அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவன்தானே," என்றாள். "அதுக்கு முதல் அது தோணிக்காரர் வீடு. அவர் மூத்த மகளுக்குக் குடுத்த வீடு அது. தோணிக்காரர் வீட்டுக் கவரப் பாருங்க."

பதினோராவது லாச்சி. 'தோணிக்காரர் வீடு.' உள்ளே மூன்று துண்டு நெகட்டிவ். ஒன்றில் ஓர் இளந்தாரி.

மருமகன் அதைத் துடைத்து ஸ்கேனரில் வைத்தார். அந்தக் காலத்து மெசின் படத்தை ஒரே அடியில் காட்டாது. மேலிருந்து கீழே கோடு கோடாக இறக்கும். முதலில் தலைமயிர் வந்தது. பிறகு நெற்றி. புருவம் வந்தபோது அவள் கதிரையின் கையைப் பிடித்தாள். கண்ணும் வந்தது. காது வந்தபோதுதான் மூச்சை விட்டாள்.

"மகள்ர காது," என்றாள்.

பாஸ்போட் படத்துக்கு இரண்டு காதும் தெரிய உட்கார வேண்டும் என்று தலையைப் பிடித்துத் திருப்பி வைப்பவன் நான். அன்றைக்கும் திருப்பியிருப்பேன். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் என் கைகளுக்கு நன்றி சொன்னேன். மேலே உள்ளவனுக்கு அதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

படத்தைப் பெரிதாக்கி இரண்டு பிரதி கொடுத்தோம். அவள் போன பிறகு கடைக்குள் எனக்கும் மருமகனுக்கும் சண்டை. பெயர் ஆளோடு போகும், ஆனால் ஊரே ஒரு பெயரில் இருக்கிறது. ஆண்கள் வீடு மாறுவார்கள், வீட்டுக்கு வழங்கும் பெயரும் மாப்பிள்ளையோடு மாறும். மாறாமல் இருப்பது பெண்கள்தான், தாயிடமிருந்து மகளுக்கு வரும் அந்த வீட்டு வளவுதான் என்று நான் சொன்னேன். ஆகவே ஒழுங்கை ஒழுங்கையாக, வளவு வளவாக, அந்த வீட்டுப் பெண்ணை வைத்து எழுத வேண்டும்.

"மூணு மாசம் எழுதினத்த அழிக்கச் சொல்றீங்களா மாமா?" அவர் குரல் உயரவில்லை, முகம்தான் இறுகியது.

"அழிக்க வேணாம். பக்கத்தில வீட்டையும் எழுதுங்க."

"எந்த வீட்ட? உம்மாட வீட்டையா, பொண்டாட்டிர வீட்டையா?"

"அட்டாளைச்சேனையில உங்கட சின்ன வயசுப் படத்த ஒரு ஆள் தேடினா, என்ர மகள்ர வீட்டுப் பேரச் சொல்லியா தேடுவான்? நீங்களே சொல்லுங்க."

அடுத்த இரண்டு நாளும் அவர் கடைப்பக்கம் வரவில்லை. சோற்றுக்கு வருவார், தின்பார், எழும்புவார். மூன்றாம் நாள் காலையில் கடைக்கு வந்து கொம்பியூட்டரைப் போட்டார். "ரெண்டு வீட்டையும் எழுதுவம் மாமா. படம் ஒண்டுதான் இருக்கும். எந்த வீட்டால கூப்பிட்டாலும் வரும்," என்றார்.

என் அலுமாரியால் அது முடியாது. ஒரு கவரை இரண்டு லாச்சிக்குள் வைக்க எந்தக் கொம்பனாலும் ஏலாது. ஒரு ஆணை அவன் உம்மா வீட்டிலும் பெண்சாதி வீட்டிலும் ஒரே நேரத்தில் இருக்க வைத்த அந்த வித்தை முழுக்க அவருடையது. அதில் நான் ஒரு பிடியும் கேட்கமாட்டேன்.

ஐந்து மாதம் திரும்ப எழுதினோம். ஒழுங்கைகளை நான் சொன்னேன், எந்த வீட்டில் எந்தப் பெண், யாருக்குப் பிறகு யார் என்று என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள், அவர் அடித்தார். ஆண்களின் கதை எனக்குத் தெரியும். பெண்களின் கதை எனக்குப் பாதிகூடத் தெரியாது என்று அந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்டேன். முடிந்த பிறகு எத்தனையோ பேர் வந்து, எத்தனையோ முகங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் செய்த துஆக்களில்தான் நான் இன்னும் நடமாடுகிறேன் என்று நம்புகிறேன்.

ஆனால் மாவடிப்பள்ளிப் பெண் ஊருக்குப் போய்ச் சொன்னது இதுதான்: மருமகனின் கொம்பியூட்டர் என் புருசனை எடுத்துத் தந்தது. நான் கோபிக்கவில்லை, அவள் கண் முன்னால் அந்த முகம் இறங்கி வந்தது திரையில்தான், என் லாச்சியில் அல்ல. அந்தக் கதை காரைதீவு தாண்டி நிந்தவூர், அக்கரைப்பற்று வரை போனது. மற்ற ஸ்டூடியோக்காரர்களும் வந்து முறையைக் கேட்டார்கள். மருமகன் இரண்டு பக்கத்தில் அழகாக எழுதி, போட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்தார். இன்றைக்கும் சில கடைகளில் கொம்பியூட்டருக்கு மேலே அது ஒட்டியிருக்கிறது. அடியில் 'முறையை அமைத்தவர்' என்று ஒரு வரி. அதில் அவர் பெயர் மட்டும்.

இதை அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை, அவருக்கு நினைவில்லை. இப்போது கேட்கிறேன், எழுத்தில் கேட்கிறேன். அந்தத் தாளைத் திரும்ப அடிக்க வேண்டும். படத்தை வீட்டால் தேட வேண்டும் என்று சொன்னவன் என்று முதல் வரியில் என் பெயர் வரவேண்டும். எந்த வீடு யாருடையது என்று சொன்னவள் என்று இரண்டாவது வரியில் என் மனைவியின் பெயர். மூன்றாவது வரி மருமகனுக்கு. அதை எத்தனை பெரிய எழுத்தில் போட்டாலும் எனக்குச் சம்மதம். பழைய தாள் ஒட்டியிருக்கும் கடைகளுக்கு நானே போய் அதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவேன். பஸ்ஸில் ஏறி இறங்க இன்னும் எனக்குத் தெம்பிருக்கிறது.