தில்லி அண்ணன் உளவு பார்க்கவில்லை

தில்லி அண்ணனை அடித்தே கொன்றுவிட்டார்கள்.

இன்று காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. மண்டையில் இரும்பு பைப் அடி. முந்தாநாள் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை...

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் பக்கம் பழைய லேப்டாப் கடை வைத்திருந்தாரே, அவர்தான். நான் எந்நேரமும் கிடந்த கடை. ஐ.டி. கம்பெனிகள் கழித்துக்கட்டியதை வாங்கி, இலவச சாஃப்ட்வேர் போட்டு, புது மாப்பிள்ளை மாதிரி ஜோடித்து விற்பார்.

காலையிலிருந்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேச்சு. வித்த மெஷினில் எல்லாம் உளவு பார்க்கும் சாஃப்ட்வேர் வைத்திருந்தாராம். மார்ச்சுவரி வாசலில் நின்ற அவர் மனைவி கலா அக்காவிடமே ஒருவன் கேட்கிறான்: "உன் வூட்டுக்காரு போலீசுக்கு ஆளாமே, மெய்யா?"

அவன் பல்லை அங்கேயே உதிர்த்திருப்பேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தது அக்காதான்.

அதனால் எழுதுகிறேன். என் பதிவில் எது கலாய், எது நிஜம் என்று எப்போதும் கேட்பீர்களே... இது நிஜம்.

அண்ணன் ஒரு தமிழ்ப் பிழைதிருத்தி எழுதியிருந்தார். இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். 'கீது' என்று அடித்தால் மற்ற பிழைதிருத்திகள் சிவப்புக் கோடு போடும், இவருடையது போடாது. "நம்ம ஜனம் பேசுறது இன்னா தப்பா?" என்பார்.

சிக்கல் என்னவென்றால், இலவசப் பொருளுக்கு பில் கிடையாது. எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அதற்கு ஒரே வழி, கம்ப்யூட்டரே வாரம் ஒருமுறை தன்னிடம் என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கிறது என்று, இந்த இலவச சாஃப்ட்வேர்களைத் தொகுத்துத் தருகிறவர்களுக்கு ஒரு பட்டியல் அனுப்புவது. பெயர் போகாது, ஃபைல் போகாது. சொந்தக்காரர் யெஸ் சொன்னால்தான் பட்டியலே போகும். ஆளில்லாத சாஃப்ட்வேரை ஒருநாள் தொகுப்பிலிருந்தே தூக்கிவிடுவார்கள். அண்ணனுடையது அந்த விளிம்பில்தான் தொங்கியது.

லேப்டாப் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் விளக்குவார், கெஞ்சுவார். ஆனால் தானாக யெஸ் அமுக்கவே மாட்டார்.

"நீயே அமுக்கி வுடுணா, எவனுக்குத் தெரியப் போவுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேக்காம எடுத்தா அதுக்கு வேற பேருடா. பரீச்சையில நீ பண்ணுவியே, அது."

இன்னொரு நாள் அவர் வெளியே போன நேரத்தில், எண்ணிக்கை காட்டும் பக்கத்தில் அவர் பிழைதிருத்திக்கு நேரே இருந்த எண்ணில் சைபராகச் சேர்த்து வைத்தேன். திரையில் மட்டும்தான். வந்து பார்த்தவர் டீக்கடைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "அண்ணாத்த! அங்க நிக்கிற எல்லாருக்கும் டீ!"

எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான் ரிஃப்ரெஷ் அமுக்கினார்...

கையில் கிடைத்த மவுஸ் பறந்து வந்தது. ஒயர் வைத்த பழைய மவுஸ். வாலுள்ள எலி, வாலுப் பையன் காதில் சரியாக இறங்கியது. "வுட்டதுதான் வுட்ட, நம்புற மாதிரி ஒரு நம்பர் வுடக்கூடாதா, நாயே!" என்று அவரே சிரித்தார்.

நெம்மேலி பக்கம் ஏரிப் புறம்போக்கில் பிளாட் போட்டு விற்கும் ஒருவரும் அவரிடம் லேப்டாப் வாங்கினார். அண்ணன் விளக்க விளக்க ஃபோனில் பேசிக்கொண்டே, யெஸ்ஸைத் தானே அமுக்கிவிட்டுப் போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

போன வாரம் அதிகாரிகள் வந்து அவர் நட்ட கல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். யாரோ மனு கொடுத்திருக்கிறார்கள்.

முந்தாநாள் பட்டப்பகலில் அந்த பிளாட்காரர் அடியாட்களோடு கடைக்கு வந்தார். கூடவே கம்ப்யூட்டர் படிக்கிற அவருடைய அக்கா மகன்.

"மாமா, நான் பார்த்தேன். வாராவாரம் இது எங்கியோ ரிப்போர்ட் அனுப்பிகினு கீது" என்றான். முதல் பைப் அடி ஷோகேஸ் கண்ணாடியில். அடுத்தது அண்ணன் தோளில்.

அவர் ஓடவில்லை. அவர்கள் கொண்டுவந்த லேப்டாப்பையே திறந்து, போகிற பட்டியலைக் காட்டினார். "பாரு நைனா. உன் பேரு எங்கனா கீதா? ஊரு கீதா? இன்னா சாஃப்ட்வேர் கீதுன்னு மட்டும்தான் போவுது."

பிளாட்காரர் குனிந்து பார்த்தார். அக்கா மகனும் பார்த்தான். அவன் முகம் மாறியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன்...

"பேரே இல்லியா?" என்றார் பிளாட்காரர். "பேரு இல்லாம போட்டா அது மொட்டைக் கடுதாசிடா!"

பைப் இறங்கியது. அண்ணனின் பல் தெறித்துக் கீபோர்டில் விழுந்தது. எழுத்துகளுக்கு நடுவே ரத்தம் இறங்கியது. வாயில் ரத்தத்தோடு இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார்: "பேரு கேக்கவே மாட்டாங்க நைனா... யாருனு தெரியக்கூடாதுன்னுதான்..."

அடுத்த அடியில் பேச்சு நின்றது. நான் பாய்ந்தேன். ஷட்டரில் மோதி விழுந்ததில் முழங்கை உடைந்தது. வெளியே ஊரே ஃபோனைத் தூக்கிப் பிடித்து நின்றது. ஒருத்தன்கூட உள்ளே வரவில்லை.

மனு கொடுத்தது அண்ணன் இல்லை. அந்த ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

போலீஸ் ஸ்டேஷனில் நான் பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பட்டியலைப் பற்றிச் சொன்னதும், "பொடிப் பையன் உனக்கு இன்னா தெரியும்?" என்கிறார்கள்.

பிளாட்காரரின் அக்கா மகனே, நீ என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கிறாய். வேண்டுமென்றேதான் பிளாக் செய்யவில்லை. அந்தப் பட்டியலைப் படித்தாய், உனக்குப் புரிந்தது, வாயைத் திறக்கவில்லை. இப்போதாவது திற. கலா அக்காவிடம் இனி ஒருத்தன் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது.

உன் மாமாவிடம் இதைக் காட்டு. என் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் எடுக்கிறார்கள்.

ஒரு கையில் கட்டு இருக்கிறது, அண்ணே. இன்னொரு தோள் சும்மாதான் இருக்கிறது... உங்கள் வெயிட்டை இன்றைக்கு மட்டும் கலாய்க்க மாட்டேன். வாங்க, போகலாம்.