மாமரத்தின் கிணற்றுப் பக்கம்

சுனாமியில் கடல் வந்துபோன பிறகு எங்கள் சாய்ந்தமருது வளவில் எஞ்சியவை வீட்டின் பின்பாதி, கிணறு, ஒரு மாமரம். அந்த மரத்தில் ஏறித்தான் உம்மாவும் நானும் உயிர் தப்பினோம். வாப்பா சவூதியில் இருந்தார், என் அண்ணன், காக்கா, அன்று கொழும்பில். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். வீதியில் சனத்தோடு சனமாக ஓட முடியாது, மரத்தின் தாழ்ந்த கொப்பில் தொற்றி ஏறிவிடலாம். மரம் நிற்கும்வரை இந்த வளவில் இருக்கலாம் என்பதுதான் அவருடைய ஒரே தைரியம்.

அந்த மரம் கருகத் தொடங்கியது.

நான் அப்போது உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். கண்ட மரத்தையெல்லாம் கீறி, முகர்ந்து பார்க்கிற ஆர்வம். உப்புப் பட்ட இலை நுனியிலும் ஓரத்திலும்தான் முதலில் பழுப்பாகும், நடு பச்சையாகவே இருக்கும். எங்கள் மரத்திலும் அப்படித்தான். ஆனால் ஒன்று பொருந்தவில்லை. கடல் கிழக்கே இருக்க, கருகியது மேற்குக் கொப்புகள். கடலைப் பார்த்த பக்கம் துளிர்கூட விட்டிருந்தது.

நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். கிழக்குக் கொப்பில் உள்ளே பச்சை, ஈரம். மேற்குக் கொப்பில் காய்ந்த பாக்கின் நிறம்.

“டொக்டரம்மா, நாடி புடிச்சாச்சா?” என்றான் ஊருக்குத் திரும்பியிருந்த காக்கா.

“கிணறு எந்தப் பக்கம் காக்கா?”

“மேக்கால. அதுக்கென்ன?”

எங்கள் பகுதி வீடுகளில் கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் வீணாகாது. சின்ன வாய்க்கால் வெட்டி ஏதாவது ஒரு மரத்தடிக்கு விட்டிருப்போம். கடல் புகுந்த கிணற்றைச் சுத்தமாக்க ஊரே பம்ப் வைத்து இறைத்தது. இறைக்க இறைக்க உப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அதற்காகவே மறுபடியும் இறைத்தோம். அவ்வளவும் அந்த வாய்க்கால் வழியே மாமரத்தின் மேற்கு வேருக்குத்தான் போயிருந்தது.

மண்வெட்டியால் கிண்டிப் பார்த்தோம். பெருவேரின் தோல் நனைந்த துணிபோல் கையோடு வந்தது. புளித்த நாற்றம். காக்காவின் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

“தண்ணி வந்து தள்ளினா நிக்குமா?”

“ஒரு பக்க வேரோட எப்படி நிக்கும்?”

“உம்மாக்கிட்ட இப்ப சொல்லாத. ராவைக்கி கண்ணே மூட மாட்டா.”

குழியை மூடாமலே விட்டோம். மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன் வீதியில் கூச்சல் எழுந்தது. “கடல் வருது! ஓடுங்க! ஓடுங்க!” யுத்த காலத்துத் துவக்கு வெடிச் சத்தம் கேட்டால் எங்கே பதுங்குவது என்று எங்கள் வீதிக்குத் தெரியும். இதற்கு ஓட்டம் ஒன்றுதான். உம்மா மட்டும் ஓடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே மரத்துக்கு வந்தார்.

“ஏறாதீங்க உம்மா!”

“உடு புள்ள!”

“வேர் அழுகிட்டு. தாங்காது.”

“அண்டைக்கித் தாங்கினதானே!”

“அண்டைக்கி நல்லா இரிந்திச்சி!”

அவர் கொப்பை விடவில்லை. நான் குழிக்குள் கையை விட்டு, வேரில் ஒரு துண்டைப் பிய்த்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். உம்மா முகர்ந்து பார்த்தார். யா அல்லாஹ் என்று மட்டும் சொன்னார். கொப்பை விட்டார்.

காக்கா அவரைச் சைக்கிளின் பின்னால் ஏற்றித் தள்ளினான். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். வயல் பக்கம் போகிற வீதி முழுவதும் சனம், அழுகை, மோட்டார் சைக்கிள்கள். கடலைவிட என் நகத்துக்குத்தான் அதிகம் பயந்தேன். நகத்தால் சுரண்டியதையும் ஒரு வேரின் நாற்றத்தையும் நம்பி உம்மாவை மரத்திலிருந்து இழுத்து வந்துவிட்டேன். கிழக்குப் பக்க வேர் எவ்வளவு பலம் என்று நான் பார்க்கவே இல்லை. தண்ணீர் எங்களை இந்த வெட்டவெளியில் பிடித்தால்? திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

கடல் வரவில்லை. யாரோ எதையோ பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். சனம் ஏசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் திரும்பியது. வளவுக்கு வந்த பிறகும் உம்மா சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

“இனி நான் எங்க ஏற?”



விடிந்ததும் அயலில் நின்ற மரங்களையெல்லாம் சுரண்டிப் பார்க்கக் கிளம்பினேன். உம்மாவும் கூடவே வந்தார். பக்கத்து வளவு மாமியின் வேம்பு ஒன்றுதான் இலை ஓரம் கருகாமல் நின்றது. உம்மா அதன் தாழ்ந்த கொப்பைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்.

“என்னகா, இந்த வயசில ஊஞ்சலா?” என்று சிரித்தார் மாமி.

உம்மா சிரிக்கவில்லை. “வேரையும் பாரு புள்ள” என்றார் என்னிடம்.

மண்வெட்டியை வேம்படியில் வைத்தேன். இந்த வேரும் அழுகியிருந்தால் உம்மா எங்கே ஏறுவார்? கொத்தக் கை வரவில்லை.