எல்லை தாண்டிய கரகம்

போன ஞாயிற்றுக்கிழமை கோதண்டத்தைக் கோயிலைவிட்டு ஒதுக்கி வைக்கப் பார்த்தார்கள். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. என்ன தப்பு செய்தார் மனுஷர்? எங்கள் உயிரைக் காப்பாற்றினார், அதுதான் தப்பு.

எண்ணூர்ப் பக்கம் எங்கள் குப்பம். கோதண்டம் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். ஊருக்குத் தலைவர், எல்லையம்மன் கோயில் பூசாரியும் அவரே. ஆத்தாளிடம் அவருக்குப் பயத்தைவிட உரிமை அதிகம். மீன் படவில்லை என்றால் சன்னதியில் நின்று, "இன்னா ஆத்தா, தூங்கிகினு கீறியா?" என்று அதட்டுவார். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

ஆடியில் காப்புக் கட்டினால், கூழ் ஊற்றும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கடலுக்கும் போக மாட்டோம். தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது நம்பிக்கை.

இந்த வருஷம் கூழுக்கு முந்தின நாள் காலையில், பக்கத்து மீன் கம்பெனியின் ஐஸ் பிளாண்டில் அமோனியா கசிந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. ஓடிப்போய்க் கேட்டால், கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயிருந்து ஒருவன் சொல்கிறான்: "சின்ன வாசனைதான், வீட்டுக்குள்ள இருங்க." அவன் முகத்தில் மட்டும் மாஸ்க்! அந்தப் படுபாவியை இரண்டு அறை விடாமல் வந்தோமே என்று இன்னும் எனக்கு ஆத்திரம்.

"மெயின் ரோட்டுக்கு ஓடுங்க!" என்று கோதண்டம் தெருத்தெருவாகக் கத்தினார். ஒரு கதவும் திறக்கவில்லை. எதிர்வீட்டு மங்கை ஜன்னல் வழியாகக் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டினாள். "காப்பு கட்டிகினு எப்டிண்ணா எல்லை தாண்டறது? ஆத்தா சும்மா வுடுவாளா?" உள்ளே அவள் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தன.

கோதண்டம் கோயிலுக்கு ஓடினார். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, அம்மன் கரகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். எந்தக் காலத்திலும் எல்லை தாண்டாத கரகம் அது.

"ஆத்தா கெளம்பிட்டா! அவ இல்லாத ஊர்ல உங்களுக்கு இன்னா வேல? பின்னாடியே வாங்க!"

கதவுகள் திறந்தன. கரகம் முன்னால் போனால் பின்னால் போகாதவர் எங்கள் ஊரில் இல்லை. வழியில் பிரகாஷ் என்பவனின் வீடு மட்டும் சாத்தியே கிடந்தது. கோதண்டம் கதவை உதைத்துத் திறந்தார். ஒரு கையால் கரகத்தைப் பிடித்தபடி, மறு கையால் குழந்தையை இடுப்பில் தூக்கினார். பிரகாஷ் பெண்டாட்டி மலர் தள்ளாடிக்கொண்டே பின்னால் வந்தாள்.

எல்லைக்கல்லருகே அவர் நின்றார். "பழி என் தலையோட போவட்டும், ஆத்தா" என்று முணுமுணுத்துவிட்டுத் தாண்டினார். சிலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், ஒருவரும் சாகவில்லை.

அதற்கப்புறம் மீன்பாடு சரியில்லை. கரகம் எல்லை தாண்டியதால் வந்த வினை என்று கிளப்பிவிட்டவன் இந்தப் பிரகாஷ்தான். தலைவர் பதவி மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண். கம்பெனிக்காரனை ஒரு வார்த்தை கேட்க வாய் வராதவன், போன ஞாயிறு ஊர்க் கூட்டத்தில் குதித்தான்.

"கோயில் சாவிய வச்சிட்டுப் போ. இனிமே சன்னதிப் பக்கமே வரக்கூடாது."

"அவ கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். உனக்கு இன்னாடா?" என்றார் கோதண்டம். சொல்லிக்கொண்டே சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆத்தாளைப் பார்க்காமல் அவரால் ஒரு நாள் இருக்க முடியாது. பெரிய மனுஷர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் கிடையாது. மலர் எழுந்தாள்.

"யோவ், அன்னிக்கு காப்ப அறுத்துப் போட்டுட்டு, எங்கள வுட்டுட்டு பைக்ல ஓடுனியே, அத சொல்லு! அவரு ஆத்தாவோட போனாரு. எல்லை தாண்டுனது நீதான்யா."

குழந்தையைக் கொண்டுவந்து கோதண்டத்தின் மடியில் உட்கார வைத்தாள். சாவியைக் கேட்க அப்புறம் ஒருவனும் வாய் திறக்கவில்லை.