ஊருக்கெல்லாம் ஒரே தடியன்

வீடியோ கேம் கடை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: வருகிறவர்களுக்குத்தான் அது விளையாட்டு, நமக்கு அல்ல.

யுத்த காலத்தில் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் கடை போட்டிருந்தேன். ஒரு டிவி, ஒரு மெஷின், ஒரு ஜப்பான் கேம் கெசட். அந்த கெசட்டுக்குள் ஒரு குண்டுப் பிராணி இருந்தது. மஞ்சள் உடம்பு, தலையில் குடுமி, முறம் மாதிரி கை, இடுப்பில் கோவணம். ஜப்பான் மல்யுத்தக்காரரைப் பார்த்துச் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. பெயரை வாசிக்கத் தெரியாததால் தடியன் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். சோறு ஊட்டி, சண்டை பழக்கினால் குஞ்சாக இருப்பவன் மலையாக வளர்வான்.

சிக்கல் என்னவென்றால், கெசட்டில் ஒரு தடியனைத்தான் சேமிக்கலாம். ஆகவே வருகிற எல்லோரும் சேர்ந்து ஒருவனையே வளர்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம்கூட அளந்து பேசிய காலம் அது. என் மாடிக்கு ஆட்கள் ஏறியதே அவனுக்காகத்தான். அவன் போனால் கடையும் போச்சு என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

கோவணப் பிரச்சினை

அலவத்துகொடயிலிருந்து மிளகு, கராம்பு வியாபாரத்துக்கு வருகிற றிஸ்வி நானாவுக்குத் தடியனின் கை பிடிக்கும், கோவணம் பிடிக்காது. "தம்பி, ஆளுக்கு ஒரு சாரத்தக் கட்டி உடுங்களே" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் அவரே கட்டம் போட்ட காகிதம் ஒன்றை லுங்கி மாதிரி வெட்டி வந்து, டிவிக் கண்ணாடியில் தடியனின் இடுப்புக்கு நேராக ஒட்டினார்.

பார்க்க மரியாதையாகத்தான் இருந்தது, சண்டை மணி அடிக்கும் வரைக்கும். அடித்ததும் தடியன் எதிராளி மேல் பாய்ந்தான். நானா தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார்: "ஆள் பாஞ்சிட்டார், சாரம் மட்டும் இங்கயே ஈக்குது!"

உப்பு

சண்டைக்கு முன்னால் தடியன் ஒரு கை உப்பை அள்ளி வீசுவான். ஏன் என்று எங்களில் யாருக்கும் தெரியாது, செல்லம்மா அக்காவைத் தவிர. அக்கா பன்வில தேயிலைத் தோட்டத்துக்காரி, கீழே தையல் கடையில் வேலை. தடியன் தொடர்ந்து தோற்ற ஒரு வாரம், சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்து பார்த்தார். மறுநாள் காய்ந்த மிளகாயோடு வந்து டிவியை மூன்று சுற்றுச் சுற்றி, தேங்காய்ச் சிரட்டை நெருப்பில் போட்டார். இருமி இருமி எங்கள் உயிர் போனது. கண்ணீருக்குள் எப்படித்தான் விளையாடினோமோ, தடியன் ஜெயித்துவிட்டான்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உப்ப மட்டும் வீசுனா கண்ணு போயிருமா? மொளகா இல்லாம என்னாங்க சுத்திப்போடுறது!"

சோதனை

ஒருநாள் சிப்பாய்கள் சோதனைக்கு ஏறி வந்தார்கள். அடையாள அட்டையை நீட்டியபடி எல்லோரும் சுவரோரம் நின்றோம். அவர்களுக்குத் தலைவரான கோப்ரல் ஒன்றையும் வாங்கிப் பார்க்கவில்லை. ஆளில்லாமல் அடி வாங்கிக்கொண்டிருந்த தடியனையே பார்த்தார். துப்பாக்கியைத் தோழனிடம் கொடுத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தோற்றார். மறுபடி தோற்றார். மூன்றாம் தடவை, சுவரோரம் நின்ற நாங்களே சொல்லிக் கொடுத்து ஜெயிக்க வைத்தோம். போகும்போது வாசலில் திரும்பி, டிவியைக் கையால் காட்டி, தெரிந்த தமிழில் சொன்னார்: "நாளைக்கும் செக்கிங் இருக்கு. எல்லாரும் இருக்கணும். அவரும் இருக்கணும்."

மேலிருந்து மூன்றாவது

சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், கந்தோர் உத்தியோகம், பேனையைக்கூட மூடி சரிபார்த்துத்தான் பையில் வைப்பார். ஜப்பான் எழுத்து தெரியாத எங்களுக்கு ஒரு விதி இருந்தது: திரையில் மேலிருந்து முதலாவது வரியைத் தொடாதே, அது புதிதாகத் தொடங்கும், மூன்றாவது, சேமித்து வைக்கும்.

விளையாட்டில் மிஞ்சியிருந்த கடைசிச் சண்டைக்கு முதல் நாள், ஐயா விளையாடும்போது திடீரென்று ஊரடங்கு என்றார்கள். சந்தில் கடைக் கதவுகள் படபடவென்று விழுந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் சேமிக்கச் சொல்லி "அமத்துங்க, அமத்துங்க" என்று கத்தியதில் ஐயா தவறி முதலாவதை அமத்திவிட்டார். கவனமானவர் அல்லவா, மறக்காமல் மூன்றாவதையும் அமத்திவிட்டுத்தான் எழுந்தார்.

ஊரடங்கு நீங்கி டிவியைப் போட்டால், நடுவில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு குஞ்சு. இத்தனை பேர் மாதக்கணக்கில் வளர்த்தவன் போய்விட்டான். இனி யார் எதற்கு இந்தப் படி ஏறப் போகிறார்கள்? கோப்ரல் தொப்பியைக் கழற்றினார். ஐயா, "நான்தான் அழிச்சுப்போட்டன், இனி இஞ்சால வரமாட்டன்" என்று குடையை எடுத்தார்.

செல்லம்மா அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்: "புள்ள பொறந்த வீட்டுல என்னாங்க எழவு வீட்டு மொகம்? உக்காருங்கய்யா, மொத வாய் நீங்கதான் ஊட்டணும்."

அழித்தவரையே பிடித்து உட்கார வைத்துத் திரும்ப வளர்க்கச் சொன்னது, அந்தக் காலத்தில் இந்த நாட்டிலேயே எங்கள் மாடி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.