நாற்காலிமேல் சம்மணம்

இந்த ஊரில் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் கூடத்தில் காப்பி கொடுக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் என் கால் தானாக மேலே ஏறி மடிந்துகொள்ளும். ஷூ கீழே கிடக்கும். போன ஞாயிறு பக்கத்திலிருந்த வெள்ளைக்கார மதாம் கண்ணை விரித்து, "யோகா?" என்றார். "மல்லாட்டை" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு பிரெஞ்சு கிடையாது. அவர் அதை ஏதோ ஆசனம் என்று நினைத்து, தானும் காலை மடக்கப் பார்த்தார். காப்பி கொட்டிவிட்டது.

பாரிசுப் பக்கம் மகள் வீட்டுக்கு வருவதற்கு முன் திண்டிவனத்தில் ஒரு மண்டியில் தரையில் சம்மணம் போட்டு விதைக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைத்தேன். முதலாளியும் எங்கள் பங்குக் கோயில்காரர்தான். உழைப்பாளர் சூசையப்பர் திருநாளன்று சாமியார், "வேலை செய்யறவங்க எந்திரம் இல்லீங்க, கடவுளோட சாயல். லாபத்துக்கு முன்னாடி மனுஷங்களப் பாருங்க" என்று பிரசங்கம் வைத்தார். முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் ஆளுக்கொரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்து இறங்கியது.

"இனிமே யாரும் தரையில குந்தக்கூடாது. உங்க மாண்பு முக்கியம்" என்றார் முதலாளி.

மாண்பு மேலே ஏறிவிட்டது, மல்லாட்டை தரையிலேயே கிடந்தது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. கடைசியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் ஏறுவோம், போனதும் இறங்குவோம். எங்களுக்கு வேண்டியிருந்தது கக்கூஸ். லாரிக்காரர்கள் நடமாடும் இடத்தில் எங்கே ஒதுங்குவது? பொழுதுக்கும் தண்ணீரே குடிக்காமல் கிடப்போம்.

கூட வேலை செய்த செல்வி, "சகாயக்கா, நீதான் கோயிலுக்குப் போறவ. முதலாளிகிட்ட சொல்லேன்" என்றாள்.

"போடி, எனக்கு வெக்கமா கீது."

"அப்போ மாண்ப நான் பாத்துக்கறேன்" என்று நாற்காலிகளையெல்லாம் கொட்டகைக்குப் பின்னால் சுவர்போல அடுக்கி, பழம்புடவை போர்த்தி மறைப்புக் கட்டிவிட்டாள்.

அன்றைக்கென்று முதலாளி வந்தார். "நாற்காலிங்க எங்கம்மா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின்பக்கம் கையை நீட்டினேன். போனார்.

"யாரு அது? உள்ள ஆளு கீது!" என்று செல்வி போட்ட கூச்சலில் வேட்டியைப் பிடித்துக்கினு ஓடிவந்தார்.

மூச்சு வாங்கினார். "சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றேன். எப்படி வந்ததோ அந்த வார்த்தை, எனக்கே தெரியாது.

அந்த வாரமே கொத்தனார் வந்தார். உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவோடு கக்கூஸ் எழும்பியது. திறப்பு விழாவுக்கு எல்லோரும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தோம்.

இந்த ஞாயிறு அந்த மதாம் ஷூவைக் கழற்றிவிட்டு, காலை மடித்து உட்கார்ந்தே விட்டார். "மல்லாட்டை!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கீழே பார்த்தேன். என் ஷூ ஜோடியாக பிரான்சுத் தரையில் நின்றுகொண்டிருந்தது. நான்தான் அதில் இல்லை, திண்டிவனத்து மண்டித் தரையில் செல்வி பக்கத்தில் குந்திக்கினு இருந்தேன்.